மருந்துக்கு முன்னால் ஒரு குப்பி ரத்தம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் சேற்றில் இறங்காமல் பிழைப்பு இல்லை. நடவுக்குப் போகும் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது, குதிகாலில் பித்தவெடிப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில நாள்களில் குளிர்க்காய்ச்சல். கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை. அடங்காவிட்டால் கிளினிக்கில் ஊசி. நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிந்தால் காசநோய் மருந்து. இத்தனைக்கும் நடுவே அவர் ரத்தம் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, போகவே இல்லை.

அவர் உடம்பில் இருப்பது ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவாக இருக்கலாம். அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். ரங்கூனில் பிரேதப் பரிசோதனைகளில் இதைக் கண்டு 1912இல் எழுதியவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும். அந்தக் கிருஷ்ணசாமியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் ஓர் ஆய்வு கணித்தது. வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் இந்நோயாளிகளைப் பதிவுசெய்திருக்கின்றன.

ஆய்வகத்திலும் கோட்டைவிடுவது உண்டு. சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு என்றோ இக்கிருமியை ஒதுக்கிவிடுகிறார்கள். கிருமியை வளர்த்து மருந்து வில்லைகள் வைத்த தட்டை உற்றுப் பார்த்தால் அது பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜென்டாமைசின் வில்லையையும் கொலிஸ்டின் வில்லையையும் ஒட்டியே வளர்ந்திருக்கும். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வில்லையைச் சுற்றியோ தெளிந்த வட்டம். இன்னும் ஓரிரு நாள் வைத்திருந்தால் திட்டுகள் சுருக்கம் விழுந்து காய்ந்த பூவாகத் தெரியும்.

செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை 3 மாதம்: இதுதான் சிகிச்சை. இவருக்கு உயிர் காக்கும் அதே மெரோபெனம், தேவையில்லாத பலருக்கும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஏற்றப்படுவதுதான் என் கவலை. ஊகித்துக் கொடுக்கும் மருந்து குறைந்தால் இவர் சாகிறார். மிஞ்சினால் வார்டில் இருக்கும் மற்றக் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்கின்றன. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010இல் வந்த கட்டுரை, இவ்வகை மருந்தையே சிதைக்கும் என்டிஎம்-1 நொதி சென்னை நோயாளிகளின் கிருமிகளில் இருப்பதைக் காட்டியது. கிருமிகள் இப்படி மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்க 2012இல் சென்னைப் பிரகடனம் வந்தது. 2014 மார்ச் முதல், முக்கிய ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய எச்-1 பட்டியல் மருந்துகளுக்குக் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். சட்டம் கடையைக் கட்டுப்படுத்தியது. கல்ச்சர் குப்பியைக் கிராமத்துக்குக் கொண்டுவரவில்லை.

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகுமே, அதுவரை காத்திருக்க முடியுமா என்பார்கள். காத்திருக்கச் சொல்லவில்லை. ரத்தத்தை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம். முடிவு வந்ததும் மாற்றலாம். விருத்தாசலம், பண்ருட்டி அரசு மருத்துவமனைகளிலும் சுற்றுவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குப்பிகள் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். அன்றன்றைக்கே அவற்றை ஆய்வகத்தில் சேர்க்க ஒரு வண்டியும் வேண்டும். நெய்வேலி நகரியத்துக்குள் குடியிருப்பவருக்கும், தினமும் வெளியூரிலிருந்து வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது ஒன்றுபோலக் கிடைக்க வேண்டும். கூடவே, அனுப்பும் சீட்டில் ‘சர்க்கரை உண்டு, சேற்றில் வேலை’ என்று மருத்துவர் எழுதட்டும். அதைப் படிக்கும் ஆய்வகத்தார் அந்தத் தட்டை அழுக்கு என்று எறியாமல் இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள்.