மூன்று முள், மூன்று வாரிசு

அப்பா விட்டுப்போகும் ஐட்டங்களில் தகராறு வராதது கடன் மட்டும்தான். அதில் யாரும் பங்கு கேட்பதில்லை. வீடு, நிலம் என்றால் வக்கீல் இருக்கிறார். நகை என்றால் தராசு இருக்கிறது. கைக்கடிகாரம்தான் வம்பு. வெட்டிப் பிரிக்க முடியாது. வித்துடலாமா, வெச்சுக்கலாமா என்ற கேள்வி மட்டும் நிற்காமல் ஓடும். வாட்ச் பெரும்பாலும் ஓடாது.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஒரு ஒமேகா ரூபத்தில் வந்தது. தாத்தா 1964-ல் சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடிக்குக் கட்டிக்கொண்டு வந்த வாட்ச். ஸ்டீல் கேஸ், சாவி கொடுக்கிற ரகம். பால் வெள்ளையாக இருந்த டயல் இப்போது ஸ்ட்ராங் காபி நிறம். அப்பா டிகிரி முடித்ததும் அவர் கைக்கு வந்தது. ரிடையர் ஆகும்வரை அதைக் கட்டிக்கொண்டுதான் ஆபீஸ் போனார். 2022-ல் அவர் காலமானபின் பீரோவில், ரேஷன் கார்டுக்கும் எல்.ஐ.சி. பாலிசிக்கும் நடுவே படுத்துவிட்டது.

நான் பி.காம். எதையும் சட்டம், வரி, விலை என்று வரிசையாகப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

முதலில் சட்டம். அப்பா உயில் எழுதவில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. வாட்சிலும் மூன்று முள் இருப்பது எவ்வளவு சௌகரியம்! அம்மாவுக்கு மணி முள், நிதானமாக நகர்வார். தங்கைக்கு நிமிஷ முள். எனக்கு செகண்ட் முள். நாள் முழுக்க ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்து வரி. வாரிசாக வருகிற சொத்துக்கு இருந்த எஸ்டேட் டியூட்டியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். சொந்தமாகக் கட்டிக்கொள்கிற சாதாரண ஸ்டீல் வாட்சை விற்றால் வருமான வரிச் சட்டம் அதைச் சொந்த உபயோகப் பொருளாகத்தான் பார்க்கும். மூலதன ஆதாய வரி கிடையாது. தங்கக் கேஸ், வைரக் கல் என்றால் கதை வேறு. அது நகைக் கணக்கில் போய்விடும், ஆடிட்டரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக விலை. இங்கேதான் தமாஷ்.

முதல் கடைக்காரர் வாட்சைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "பழசு சார். எட்டாயிரம் தரலாம்" என்றார், எனக்கு உபகாரம் செய்கிற முகத்தோடு. இரண்டாவது கடைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "டயலுக்குப் பெயின்ட் அடிச்சு, கேஸுக்கு பாலிஷ் போட்டா புது மாப்பிள்ளை மாதிரி ஆயிடும் சார்." ஆபீஸ் நண்பர் ஒருவர் மூன்றாவதாக ஒரு சேகரிப்பாளரிடம் அழைத்துப் போனார். அவர் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு பின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த நம்பரைப் படித்தார், எதையோ புரட்டினார், பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் ஒரிஜினல். நல்ல வேளை, பெயின்ட் அடிக்கலை. அறுபதாயிரம் தர்றேன்."

ஒரே வாட்ச், ஒரே வாரம், எட்டும் அறுபதும். முதல் கடையிலேயே விற்கக்கூடாது என்பது இதில் ஒரு பாடம். இன்னொரு பாடம் முக்கியம்: பழைய வாட்சைப் புதுசாக்காதீர்கள். சேகரிப்பாளர்களுக்கு மங்கிய ஒரிஜினல் டயல்தான் தங்கம். பளபளக்கும் பெயின்ட் டயல் பித்தளை. இருட்டில் பச்சையாக ஒளிர்ந்த அந்தக் காலத்து ரேடியம் வாட்சாக இருந்தால், வீட்டில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார வேண்டாம் என்றும் சொன்னார். ஒளி போயிருக்கலாம், ரேடியம் போயிருக்காது. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும்.

'எங்கள் வீட்டில் இருப்பது எச்.எம்.டி.தானே' என்று சோர்ந்துவிடாதீர்கள். 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தவர்கள் அவர்கள். எத்தனை கல்யாண மாப்பிள்ளைகள் அந்த ஜனதாவைக் கட்டிக்கொண்டு போட்டோவில் முறைத்திருக்கிறார்கள்! எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-ல் முடிவு செய்தது. நல்ல ஒரிஜினல் பீஸைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். லட்சங்கள் வராது. ஆனால் பாத்திரக்காரருக்குப் போடுகிற சமாசாரம் இல்லை அது.

சரி, அறுபதாயிரம். விற்பதா?

இந்த இடத்தில் அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. டேனியல் கானமன், ரிச்சர்ட் தேலர் கோஷ்டி 1990-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு காபி குடிக்கிற மக் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு அதை மற்றவர்களுக்கு விற்கச் சொன்னார்கள். வாங்குகிறவன் தரத் தயாரான விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டான் விற்கிறவன். சற்று முன்புதான் கைக்கு வந்த மக்! தாத்தா, பாட்டி சம்பந்தம் எதுவும் இல்லை. நம்முடையது என்று ஆனவுடனே எந்தப் பொருளுக்கும் விலை ஏறிவிடுகிறது. (இருவருமே பின்னால் வெவ்வேறு வருஷங்களில் பொருளாதார நோபல் வாங்கினார்கள். மக் என்ன ஆனதோ!)

எனவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். வாட்ச் உங்களிடம் இல்லை. பாக்கெட்டில் அறுபதாயிரம் இருக்கிறது. கடைக்காரர் இப்படி ஒரு வாட்சைக் காட்டுகிறார். வாங்குவீர்களா?

நான் மாட்டேன். பைக்குக்கு டயர் மாற்ற வேண்டும், பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ். தவிர, நேரம் பார்க்கிற விஷயத்தில் பிளாட்பாரத்து குவார்ட்ஸ் வாட்ச் இதைத் தோற்கடித்துவிடும். அதில் கல் செகண்டுக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்தக் காலத்துச் சாவி வாட்ச் பெரும்பாலும் செகண்டுக்கு ஐந்து தடவைதான் துடிக்கும். கணக்குப்படி வித்துவிட வேண்டியதுதான்.

ஆனால் கடைக்காரர் காட்டுகிற ஒமேகாவை என் அப்பா கட்டியிருக்கவில்லையே!

நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் 2017-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. அவர் மனைவி வாங்கிக் கொடுத்தது. பின்பக்கம் 'ஜாக்கிரதையாக ஓட்டு' என்று பொறித்து, கீழே 'நான்' என்று மட்டும் போட்டிருந்தார். நியூமனோ அதை 1984-ல் மகளின் சிநேகிதனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஏலத்தில் அது போன விலை ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்கு மேல். நம் கணக்கில் நூறு கோடி ரூபாயைத் தாண்டும். ஸ்டீலுக்கா அந்த விலை? அந்த 'நான்' என்ற வார்த்தைக்கு.

நம் வீட்டுக் கதைக்கு ஏலத்தில் யாரும் கை தூக்க மாட்டார்கள். அது நம் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற நோட்டு. சேகரிப்பாளர் தருகிற அறுபதாயிரத்தில் அப்பாவுக்கு என்று ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

இப்படி நான் தத்துவத்தில் மூழ்கியிருந்தபோது அம்மா வாட்சை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஓடலையேடா."

ஓடிக்கொண்டிருந்தது. காலையில்தான் சாவி கொடுத்திருந்தேன்.

அம்மாவுக்குக் காது மந்தம் என்று எங்களுக்குத் தெரியும். டி.வி. சத்தம் தெருக்கோடிவரை கேட்பதை வைத்துத் தெரியும். இரண்டு காதுக்கும் மெஷின் வைக்க டாக்டர் சொல்லி எட்டு மாசம். எஸ்டிமேட் ஐம்பத்தெட்டாயிரம். "இந்த வயசுல என்னத்தைக் கேட்டு என்ன ஆகப்போறது" என்று அம்மா தள்ளிக்கொண்டே வந்தார். நாங்களும், நிஜத்தைச் சொன்னால், வற்புறுத்துகிற மாதிரி வற்புறுத்திக்கொண்டிருந்தோம்.

அன்று ராத்திரி தங்கைக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வித்துடுண்ணா" என்றாள். அம்மாவிடம் கத்திச் சொன்னதில் எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"அப்பா வாட்சை வித்து எனக்கு மெஷினா? நான் செவிடாவே இருந்துக்கறேன்."

பி.காம். இரண்டாம் வருஷத்தில் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பார்ட்னர் விலகினால் கடையை இழுத்து மூட வேண்டாம். சொத்துக்களை இன்றைய மார்க்கெட் விலைக்கு மதிப்புப் போட்டு, விலகுகிறவர் பங்கைப் பணமாகக் கொடுத்து, மற்றவர் தொடர்ந்து நடத்தலாம். பரீட்சைக்குப் பிறகு அந்தப் பாடத்துக்கு வேலை வந்தது அன்றைக்குத்தான்.

வாட்சின் மதிப்பு அறுபது. ஆளுக்கு இருபது. வாட்ச் வேண்டும் என்கிறவர் மற்ற இருவருக்கும் நாற்பதாயிரத்தை எண்ணி வைக்க வேண்டும். யாருக்கு வேண்டும்?

இப்போது கேள்வி 'இப்படி ஒரு வாட்ச்' இல்லை. 'இந்த வாட்ச்.' வேண்டும் என்று வாயால் சொல்வது இலவசம். மாசம் ஐயாயிரம் வீதம் எட்டு மாசம் தவணை கட்டச் சம்மதமா? கட்ட மனசில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் விற்றுவிடலாம். அப்பா ஒன்றும் அந்த ஸ்டீலுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை.

நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். கட்டுகிறேன் என்றேன். ஆபீஸ் சொசைட்டியில் நாற்பதாயிரம் லோன் போட்டேன். தங்கை தன் இருபதை அம்மாவுக்கே தந்துவிட்டாள். தன் இருபதை எடுத்துக்கொள்ள அம்மாவுக்குத் தயக்கம் இருந்தது. "வாட்சை விக்கலைம்மா, வாங்கியிருக்கேன்" என்றதும் தடை நீங்கியது. பாக்கி வேண்டிய பதினெட்டாயிரம் தங்கையும் நானும் ஆளுக்குப் பாதி. பைக் இன்னும் பழைய டயரில்தான் ஓடுகிறது.

ஆகவே இளைஞர்களே, வைத்துக்கொள்வது என்றால் வாங்குவது. மற்ற வாரிசுகளுக்கு இன்றைய விலையைக் கொடுத்து வாங்குவது. வாங்கினால் கட்டிக்கொள்வது. எண்ணெய் காய்ந்துவிடும், சில வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் செய்யுங்கள். கட்டிக்கொண்டு குளிக்காதீர்கள். பீரோவில் பூட்டி வைப்பதற்கு விற்பது என்றும் பெயரில்லை, வைத்துக்கொள்வது என்றும் பெயரில்லை.

அம்மா காதில் மெஷின் ஏறி மூன்று மாசமாகிறது. நானும் மனைவியும் சமையலறையில் கிசுகிசுப்பதை நிறுத்திவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை மேஜையில் கழற்றி வைத்திருந்த ஒமேகாவை எடுத்துக் காதில் வைத்தார்.

"இப்ப ஓடறதே! ரிப்பேர் பண்ணினியா? எவ்வளவு ஆச்சு?"

"கொஞ்சம் ஆச்சும்மா" என்றேன்.