மாளிகைப் பேய்களும் மறைக்கப்பட்ட மனிதரும்

பேய்க்கதைகள் மீது எமக்குப் பகை எதுவும் இல்லை. புளியமரத்து முனியையும் சுடலைக் கொள்ளிவாய்ப் பிசாசையும் கேட்டு வளர்ந்தவர்களே நாமும். மாரிகால இரவுகளில் விளக்கின் திரியைத் தணித்துவிட்டு ஆச்சி கூறிய அக்கதைகளை எவரும் வரலாறு என்று எம் கையில் தந்ததில்லை. மறுநாட் காலையில் அதே மரத்தின் கீழ் நாம் புளியம்பழம் பொறுக்கினோம். இங்கே நாம் எதிர்ப்பது வேறொன்று. ஆண்டும் பெயரும் இடமும் காட்டி, "இவை உண்மை நிகழ்ச்சிகள்" என்ற முத்திரையும் குத்தி, பழைய மாளிகைகளிலும் கோட்டைகளிலும் தோட்டத்துரைமாரின் வீடுகளிலும் உலாவும் ஆவிகளைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சாகிக் குவியும் நூல்களையே எதிர்க்கின்றோம். எமது மாணவர் சிலர் இவற்றை வரலாற்று நூல்களென எண்ணி வாசிப்பதைக் கண்ட பின்னரே இதனை எழுதத் துணிந்தோம்.

இத்தகைய நூல்களில் ஒருவகை பெருந்தீங்கு செய்வதில்லை. இங்கிலாந்தின் போர்லி என்னும் சிற்றூரில் இருந்த பாதிரிமனையைப் பற்றி ஹரி பிறைஸ் என்பவர் 1940 இல் ஒரு நூல் எழுதினார். சுவரினுள் உயிரோடு வைத்துக் கட்டப்பட்டாளெனப்பட்ட கன்னியாஸ்திரீயின் ஆவி அதிலே முதன்மை பெற்றது. அவ்விடத்தில் அத்தகைய மடம் இருந்தமைக்கே ஆதாரம் கிடைக்கவில்லை. உளவியல் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மூவர் 1956 இல் வெளியிட்ட அறிக்கை பிறைஸின் சான்றுகளைப் பெரும்பாலும் நொறுக்கிவிட்டது. இருந்திராத ஒருத்தியின் ஆவி உலாவினால் எவருக்கு நட்டம்? அதனை விட்டுவிடுவோம்.

ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு வந்தால் விடயம் அவ்வளவு எளிதன்று. 1860 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி அந்நாட்டில் ஏறக்குறைய 40 இலட்சம் மக்கள் அடிமைகளாயிருந்தனர். பஞ்சும் கரும்பும் விளைந்த லூயிசியானாவில் மாத்திரம் 3 இலட்சத்து 31 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களின் உழைப்பில் எழுந்த வெண்தூண் மாளிகைகள் பல இன்று உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதிகள். அவ்விடுதிகளுக்குப் பேய் ஒரு முதலீடு. அம்முதலீட்டுக்கு விளம்பரப் பத்திரிகையாகவே இந்நூல்கள் உழைக்கின்றன.

சென். பிரான்சிஸ்வில் என்னும் ஊருக்கு அருகே மேட்டில்ஸ் என்னும் மாளிகை உள்ளது. 1796 இல் டேவிட் பிராட்போர்ட் என்பவர் கட்டியது. பின்னர் அவருடைய மருமகன் கிளார்க் வூட்றவ் என்னும் சட்டவறிஞர் அங்கே வாழ்ந்தார். அமெரிக்காவிலேயே மிகுதியாகப் பேய் நடமாடும் வீடு என்று நூலுக்கு நூல் இது புகழப்படுகின்றது. கதை இதுதான்: குளோயி என்னும் அடிமைப் பெண் வூட்றவின் "காதலி". ஒட்டுக்கேட்ட குற்றத்துக்காக அவளுடைய காது அறுக்கப்பட்டது. தழும்பை மறைக்க அவள் பச்சைத் தலைப்பாகை அணிந்தாள். அலரி இலையை அவித்துப் பிறந்தநாட் கேக்கிற் கலந்து எசமானியையும் இரு பிள்ளைகளையும் கொன்றாள். மற்ற அடிமைகள் அவளைத் தூக்கிலிட்டு உடலை மிசிசிப்பி ஆற்றில் எறிந்தனர். இன்றும் பச்சைத் தலைப்பாகையோடு அவள் தாழ்வாரத்தில் உலாவுகிறாள். 1992 இல் எடுத்த புகைப்படமொன்றில் அவள் உருவம் விழுந்திருப்பதாகவும் கூறுவர். அப்படம் அஞ்சலட்டையாகவும் விலைப்பட்டது.

ஆவணங்கள் கூறுவது யாது? வூட்றவ் குடும்பத்தின் அடிமைகளுள் குளோயி என்ற பெயரில் ஒருத்தி இருந்தமைக்குச் சான்று இல்லை. மனைவி சாரா 1823 இலும் பிள்ளைகள் இருவர் 1824 இலும் இறந்தனர். கொன்றது மஞ்சட்காய்ச்சல், அலரியன்று. அவ்வீட்டில் பத்துக் கொலைகள் நடந்ததாக நூல்கள் எண்ணிக் காட்டுகின்றன. ஆவணத்தில் நிலைபெறும் கொலை ஒன்றே: 1871 இல் வில்லியம் வின்டர் என்பவர் சுடப்பட்டமை.

கதை பொய் என்பதோடு நாம் அமைதி கொள்ளலாகாது. எத்தகைய பொய் என்பதே கேள்வி. அக்கதையில் யார் கையில் இரத்தம் உள்ளது என்று பாருங்கள். பிள்ளைகளைக் கொன்றவள் அடிமை. அவளைத் தூக்கிலிட்டவரும் அடிமைகள். எசமானனின் பங்கு ஒரு காது மட்டுமே. அதற்கும் "ஒட்டுக்கேட்டாள்" என்று காரணம் ஆயத்தமாக உள்ளது. மறுக்கும் உரிமையற்ற ஒருத்தியை ஆள்பவனுக்கு அவள் "காதலி" ஆகிறாள்! பலாத்காரத்துக்கு இதனினும் நயமான பெயரை எந்தத் தோட்டத்துரையின் வழக்கறிஞரும் கண்டுபிடித்திருக்க இயலாது. உண்மையில் அவ்வீட்டில் உழைத்துச் செத்த மாந்தரின் பெயர்களை இந்நூல்கள் தேடுவதில்லை. பெயரற்ற அம்மக்களுக்குப் பதிலாக, வாழ்ந்திராத ஒருத்தியைக் கொலைகாரியாக்கி முன்னே நிறுத்துகின்றன.

கற்பனைக் குற்றத்தை விடுவோம். மெய்யான குற்றத்தை இவர்கள் எங்ஙனம் கையாளுகின்றனர்? நியூ ஓர்லியன்ஸ் நகரின் றோயல் வீதியில் டெல்பின் லாலோறி என்னும் செல்வச் சீமாட்டியின் வீடு 1834 ஏப்ரல் 10 ஆந் திகதி தீப்பற்றியது. தீயணைக்கச் சென்றோர் பூட்டிய அறைகளில் ஏழு அடிமைகளைக் கண்டனர்: சங்கிலியிட்டு, பட்டினி போட்டு, உடல் சிதைக்கப்பட்ட மாந்தர். அடுப்படியிற் பிணைக்கப்பட்டிருந்த சமையற்காரக் கிழவியே தீ வைத்தாள் என்பர். எமக்கு இம்முழு வரலாற்றிலும் பெரிதாகத் தெரிவது அக்கிழவியின் செயலே. மற்றவழி எதுவும் அற்றவள், வீட்டைக் கொளுத்தி உலகத்தை உள்ளே அழைத்தாள். சீமாட்டியோ தப்பியோடி, எந்த நீதிமன்றையும் காணாது 1849 இல் பாரிஸில் இறந்தாள்.

இவ்வளவும் போதாதா? போதவில்லை. 1946 இல் ஜீன் டிலாவின் எழுதிய நியூ ஓர்லியன்ஸ் பேய்க்கதை நூல், 1834 ஆம் ஆண்டுப் பத்திரிகைகள் எதிலும் காணப்படாத சித்திரவதைகளை வகை வகையாகச் சேர்த்தது. பின்வந்த நூல்கள் அவற்றையே உண்மையெனப் பெயர்த்து எழுதின. இதன் பயனைக் கவனிக்கவேண்டும். லாலோறி ஒரு பைத்தியக்கார அரக்கி ஆகிவிட்டாள். அவள் அரக்கியானதும் அயல்வீட்டுக் கனவான்கள், ஆளை ஆள் ஏலத்தில் வாங்கி விற்ற அந்தக் கண்ணியமான குடும்பத்தவர், நல்லவராகிவிட்டனர். சாட்டையையும் சங்கிலியையும் சட்டமே அனுமதித்திருந்த சமுதாயத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் பேய் உலாவுகிறதாம்.

பேயை எசமானர் பயன்படுத்துவது புதிதுமன்று. கிளாடிஸ் மேரி பிறை என்னும் கறுப்பின அறிஞர் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டி 1975 இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரித்துரைக்கின்றது. இரவில் அடிமைகள் கூடுவதையும் தப்புவதையும் தடுக்க, பாதையோரங்களிற் பேய் உண்டென்று எசமானர் கதை பரப்பினர். வெள்ளைத்துணி போர்த்துத் தாமே பேயாக வந்தும் நின்றனர். உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்து அடிமைத்தளை நீங்கியதன் பின், ரெனசி மாநிலத்தில் முளைத்த கு கிளக்ஸ் கிளான் கொலைக்கூட்டத்தார், தாங்கள் போரில் மாண்ட தென்னாட்டுப் படைவீரரின் ஆவிகள் என்று கூறிக்கொண்டு குதிரையேறி வந்தனர். அவர்களைப் பேயென நம்பி ஏமாந்தவர் சிலரே என்று பிறை காட்டுகிறார். போர்வைக்குள் இருப்பவன் பழைய எசமானன் என்பது மக்களுக்குத் தெரியும். அவனுடைய துப்பாக்கி மெய்யானது என்பதும் தெரியும்.

"பேய் நூல்களாவது அடிமைகளைப் பேசுகின்றனவே, பழைய மாளிகை வழிகாட்டிகள் பீங்கானையும் மேசையையும் மட்டுந்தானே காட்டினார்கள்?" என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பேயின் வழியாகவன்றி அம்மக்களைப் பேச வேறு வழி இல்லையா? குவென்டலின் மிட்லோ ஹோல் என்னும் வரலாற்றாசிரியை லூயிசியானா நீதிமன்றங்களில் தூசு படிந்து கிடந்த பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கிலப் பத்திரங்களைப் பல ஆண்டுகள் தோண்டினார். விற்பனை உறுதிகளும் மரண சாசனங்களுமே அவருக்குச் சுரங்கம். பெயர், வயது, தொழில், நோய், விலை என்று பதிந்து, ஏறக்குறைய ஒரு இலட்சம் அடிமைகளின் தரவுகளை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2014 இல் அடிமைகளின் வரலாற்றுக்கென்றே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட விற்னி என்னும் கரும்புத் தோட்டத்தில் அப்பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. அங்கும் மக்கள் திரளாகச் செல்கின்றனர். பச்சைத் தலைப்பாகை தேவைப்படவில்லை.

பேயையே நாடுவோர்க்கும் நல்ல நூல் இல்லாமற் போகவில்லை. 1856 இல் மார்கறெட் கார்னர் என்னும் அடிமைத் தாய், உறைந்திருந்த ஒகாயோ ஆற்றைக் கடந்து தப்பி வந்து, பிடிபடும் வேளையில் தன் இரண்டு வயது மகளைக் கொன்றாள். மகள் மீண்டும் அடிமையாகலாகாது என்பதே காரணம். கொலைக் குற்றம் சாட்டுவதா, உடைமையாகத் திருப்பி ஒப்படைப்பதா என்று அதிகாரிகள் வாதாடினர். உடைமையே வென்றது; அவள் திருப்பி அனுப்பப்பட்டாள். அச்செய்தியிலிருந்து ரோனி மொறிசன் 1987 இல் "பிலவ்ட்" என்னும் நாவலைப் படைத்தார். அதிலும் ஒரு வீடு. அவ்வீட்டிலும் ஒரு பேய். ஆயின் அது எவரிடமிருந்தும் குற்றத்தைக் கழற்றி வேறெவர் தலையிலும் கட்டவில்லை. தான் கற்பனையென்பதையும் மறைக்கவில்லை.

எமது பாடசாலை நூல்நிலையங்கள் பின்பற்றும் தசமப் பகுப்பு முறையில் மொறிசனின் நாவல் 813 ஆம் எண்ணின் கீழ், அமெரிக்கப் புனைகதைகளோடு அடங்கும். பேய் பற்றிய நூல்களுக்கு உரிய எண் 133.1. அது கற்பனைக்குரிய இடமன்று. ஆதலின் மாணவன் அதனை உண்மையென்றே எடுத்துச் செல்கிறான். எண்ணை மாற்றும் அதிகாரம் எமக்கில்லை. ஆனால் மேட்டில்ஸ் மாளிகையைப் பற்றிய நூல் அத்தட்டில் இருக்குமாயின், 1823, 1824 என்னும் இரு ஆண்டுகளையும் மஞ்சட்காய்ச்சல் என்னும் ஒரு சொல்லையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, முதற் பக்கத்தில் ஒட்டிவைக்க எந்த ஆசிரியருக்கும் ஐந்து நிமிடம் போதும்.