நாடார் வங்கியிடம் நாம் கற்க வேண்டியது எது?

ஆரணியில் என்னுடன் பள்ளியில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்தி வந்துவிடும். "நாடார்களைப் பாருங்கள். அவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தான். சலுகை கேட்டு நின்றார்களா? ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வங்கியே தொடங்கினார்கள்." அது யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பெயர் போட்டிருக்காது. போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் குழுவில் காலனியிலிருந்து படித்து வந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். செய்தி வந்ததும் நாங்கள் நால்வரும் மௌனமாகிவிடுவோம்.

கடன் உறவுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் என்ற முறையிலும், பட்டுத்தறியில் கூலிக்கு நெய்தவரின் மகள் என்ற முறையிலும் இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. நாடார் வங்கியின் வரலாறு உண்மையிலேயே படிக்க வேண்டிய வரலாறு. அந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள்தான் அதைப் படித்ததில்லை.

19ஆம் நூற்றாண்டில் நாடார்கள் கோயிலுக்குள் நுழைய முடியாது. பல இடங்களில் பொதுக் கிணறும் இல்லை. தெற்குத் திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைப்பதற்கே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1897இல் கமுதி மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள்மீது இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இதற்கிடையில் 1899 ஜூன் 6 அன்று சிவகாசியைக் கொள்ளையிடப் பெருங்கூட்டம் திரண்டு வந்தது.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு பகுதி நாடார்கள் வண்டி வணிகத்தில் காலூன்றினார்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, கமுதி போன்ற ஊர்களில் வண்டிகளையும் சரக்கையும் பாதுகாக்கப் பேட்டைகள் கட்டினார்கள். பேட்டையைப் பயன்படுத்துகிறவர்களும் வணிகர்களும் பொது நிதிக்கு ஒரு சிறு தொகை கட்டினார்கள். அதற்கு மகிமை என்று பெயர். அதை நிர்வகித்தது உறவின்முறை. கிணறு, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தன. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீடு வீடாகத் திரட்டிய பிடி அரிசியில் வளர்ந்தது.

1910இல் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது. பத்தாண்டுகள் கழித்து, சமூகத்துக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற யோசனையைச் சங்கம் எடுத்துக்கொண்டது. 1921 மே 11 அன்று 'நாடார் வங்கி' பதிவானது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று தூத்துக்குடியில் கதவைத் திறந்தது. அரசு ஆவணங்களில் 'சாணார்' என்ற பெயர் 'நாடார்' என்று மாறியதும் அதே 1921இல்தான். ஒரே ஆண்டில் பெயரும் வந்தது, வங்கியும் வந்தது. 1962 நவம்பரில் அந்த வங்கி 'தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி' ஆனது. 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது 500க்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில்.

இது பெரிய சாதனை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தீண்டத்தகாதவர்போல நடத்தப்பட்ட ஒரு சமூகம் தன் கடனுக்குத் தானே கதவு திறந்துகொண்டது.

ஆனால் அந்தக் கதவு எதனால் திறந்தது? வங்கி என்பது பணப்பெட்டி மட்டுமல்ல, நம்பிக்கையின் கணக்கும்கூட. யார் திருப்பிக் கட்டுவார், யாருடைய சொல் நிற்கும், யார் ஓடிப்போனால் யாரிடம் கேட்கலாம் என்ற தகவல்தான் அதன் உண்மையான முதல். நாடார் வங்கிக்கு இந்தத் தகவலை உறவின்முறை தயாராக வைத்திருந்தது. மூன்று தலைமுறை வணிக உபரியும் இருந்தது. மகிமை கட்ட வேண்டுமானால் முதலில் விற்பதற்குச் சரக்கு வேண்டும். "ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள்" என்பதில் மறைந்திருக்கும் நிபந்தனை இதுதான்.

அந்தச் சமூகத்துக்குள்ளேயும் எல்லோரிடமும் சரக்கு இருக்கவில்லை. தேரிக்காட்டில் பனை ஏறிக்கொண்டிருந்தவர்களும் நாடார்கள்தான். வங்கியின் பங்கு வாங்கியவர்கள் வணிகக் குடும்பங்கள். 'சமூகம்' என்ற ஒரே சொல் பனையேறியையும் பங்குதாரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துவிடுகிறது. 1990களில் வங்கியின் பெரும்பகுதிப் பங்குகள் எஸ்ஸார் குழுமத்தின் கைக்குப் போனபோது, அவற்றை மீட்கச் சமூகத்தின் பெயரால் பெரிய இயக்கமே நடந்தது. அதே காலத்தில் பனைத்தொழில் அழிந்துகொண்டிருந்தது. அதை மீட்க அவ்வளவு பணமும் திரளவில்லை, அவ்வளவு கோபமும் திரளவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடார் வங்கியை மட்டும்தான் நாம் 'சாதி வங்கி' என்கிறோம். 1906இல் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலான பிறகு, 1907இல் வந்த இந்தியன் வங்கிக்கு வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியும் நகரத்தார் முதலும் அடித்தளம். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் நகரத்தாரான எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1916இல் தொடங்கிய கரூர் வைசியா வங்கியின் பெயரிலேயே வருணம் இருக்கிறது. இவையெல்லாம் நம் காதில் வெறும் வங்கிகள். மேலே இருப்பவர்களின் சாதிப் பணம் 'மூலதனம்' ஆகிவிடும். கீழிருந்து வந்தவர்களின் பணம் மட்டும் 'சாதிப் பணம்' ஆகவே இருக்கும்.

இப்போது ஆரணிக்கு வருகிறேன். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டுநூலும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறவர் முதலாளி. பாவைத் தறியில் ஏற்றி நெய்து கூலி வாங்குகிறவர் நெசவாளி. இருவரும் பெரும்பாலும் ஒரே சாதியாக இருப்பார்கள். ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பார்கள். ஆனாலும் கூலி உயர்வு கேட்டால் இருவரும் இரண்டு பக்கம்தான். நம்பிக்கை என்ற பெயரில் முதலாளி கொடுக்கும் முன்பணம், நெசவாளியை அந்த வீட்டுத் தறியோடு கட்டிப்போடும் கயிறும்கூட. வேறு முதலாளியிடம் போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய முன்பணத்தைத் தீர்க்க வேண்டும். கடன் மட்டும் கைமாறும். சாதிக்குள் கிடைக்கும் கடன் சில சமயம் ஏணி, சில சமயம் விலங்கு. இதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஆரணிக்கு வாருங்கள்.

எங்கள் அப்பா அந்தச் சாதியும் இல்லை. அம்மா முதலாளி வீட்டுத் திண்ணையில் தார் சுற்றப் போனதால் அப்பா தறிக்குள் வந்தவர். இருபது ஆண்டுகள் நெய்த பிறகு, 2012இல் சொந்தத் தறி போட வேண்டும் என்ற ஆசை வந்தது. சொந்தத் தறி இல்லாததால் சொசைட்டிப் பக்கம் போக முடியவில்லை. ஊரிலிருந்த ஒரு வங்கிக் கிளைக்கு என்னையும் அழைத்துப் போனார். "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். சொன்னார். வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். காலனி வீட்டுக்குப் பட்டா இல்லை. அப்படியானால் அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் அரசு ஊழியர் யாரும் இல்லை. முடியாது என்று யாரும் சொல்லவில்லை. "அப்புறம் வாங்க" என்று மூன்று முறை சொன்னார்கள். நான்காவது முறை அப்பா போகவில்லை. முதலாளியிடம் இன்னும் கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டார். "பரவால்லம்மா, நீ படி" என்றார்.

சிறு தொழில் முனைவோருக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையச் சொத்து கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே உத்தரவிட்டிருந்தது. எங்களுக்கு இது தெரியாது. பல ஆண்டுகள் கழித்து ஆய்வுக்காகச் சுற்றறிக்கைகளைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

"நீங்களும் வங்கி தொடங்க வேண்டியதுதானே" என்பதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நிலம் மறுக்கப்பட்ட, சந்தையில் கடை மறுக்கப்பட்ட, உழைப்பைத் தவிர விற்பதற்கு ஒன்றும் விடப்படாத மக்களிடம் மகிமை கேட்பது கேலி. ஆங்கிலேய அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள் இன்று எத்தனை தலித்துகளின் கையில் இருக்கின்றன என்று கேட்டுவிட்டுத்தான் சேமிப்பைப் பற்றிப் பேச வேண்டும். அப்படியே ஒவ்வொரு சாதியும் ஒரு வங்கி தொடங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது கிடைப்பது சாதி ஒழிப்பா? ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பூட்டும் ஒரு சாவியும் கிடைக்கும். பணக்காரச் சாதியின் வங்கி பெரிதாகவும் ஏழைச் சாதியின் வங்கி உண்டியலாகவும் இருக்கும்.

கடனைச் சாதியிடமிருந்து பிரித்தெடுக்க வேறு முயற்சிகளும் இந்த மண்ணில் நடந்திருக்கின்றன. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது, எங்கள் பக்கத்துப் பட்டு நகரமான காஞ்சிபுரத்தில். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அவற்றில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு. தனிச் சமூகங்களின் நம்பிக்கையில் வளர்ந்தவை மக்களின் சொத்தாயின. அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1947இல், 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற தன் அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் முதலைக் கொடுப்பதை அரசின் கடமையாக்கக் கேட்டார். சாதி கொடுக்கும் கடனை விடச் சட்டம் கொடுக்கும் கடனே விடுதலைக்கு உதவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காகிதத்தில் இன்று நிறைய இருக்கிறது. வங்கிகள் தம் கடனில் 12 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்குக் கொடுக்க வேண்டும். 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டப்படி ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினருக்கும், ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் கொடுக்க வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் 1974 முதல் தாட்கோ இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் கடைசியில் போய் நிற்பது அதே மேசையில்தான். "எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு முன்னால்தான்.

எனவே நம் கோரிக்கை எளிமையானது. ஒவ்வொரு கிளையும் எந்தப் பிரிவினரின் எத்தனை விண்ணப்பங்களைப் பெற்றது, எத்தனையை ஏற்றது, எத்தனையை எந்தக் காரணத்தால் மறுத்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மறுப்பு எழுத்தில் வர வேண்டும். "அப்புறம் வாங்க" ஒரு பதில் அல்ல. சொந்தத் தறி இல்லாத கூலி நெசவாளர்களையும் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினராக்கி, தறி வாங்கக் கடன் தர வேண்டும். இளம் தோழர்கள் தங்கள் ஊர்க் கிளையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டு இதைத் தொடங்கலாம். பொதுத்துறை வங்கிகள் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

நாடார்களிடம் கற்க வேண்டியதும் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நாடார் மகாஜன சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டவர் அவர். தன் சாதி ஏறியதும் அவர் கதவைச் சாத்தவில்லை. பின்னால் வருகிறவர்களுக்காகச் சட்டத்தைக் கொண்டு திறந்தே வைத்தார்.

அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் செய்தி வரும்போது நான் மௌனமாக இருக்கப் போவதில்லை. சௌந்தரபாண்டியனாரின் அந்தப் பேருந்து உத்தரவைப் பற்றி எழுதி அனுப்புவேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன்: நம் ஊர்க் கிளையில் கடன் கேட்டு யாராவது வந்தால், அவர்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட உங்களில் யார் வருவீர்கள்?