பக்தியா மாற்றியது?

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் தோள் உரசி நடக்கிறார்கள். பக்தி மனிதரை மாற்றுமென்றால் திருவண்ணாமலை மாவட்டம் என்றோ மாறியிருக்க வேண்டும். கோயில் நுழைவுச் சட்டமும் 1947இலேயே வந்துவிட்டது. ஆனால் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் கால்வைத்தது 2023 ஜனவரி 30இல், போலீஸ் பாதுகாப்போடு! அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம். அங்கே பொறி வைத்தது மேடைப்பேச்சு அல்ல (நாமும் நிறையத்தான் பேசுகிறோம்). கோயிலுக்குள் யார் போகலாம் என்று சமூக ஊடகத்தில் இரு இளைஞர்கள் போட்ட சண்டை.

அவமானம் இனிப் பொறுக்காது என்று ஆகும் நாளில்தான் நாம் மாறுகிறோம். அம்பேத்கர் 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் போராட்டம் தொடங்கினார். கதவு திறக்கவில்லை. 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்றார். 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார்.

நுழைவதா, வெளியேறுவதா? தென்முடியனூருக்குப் பிறகு இதை நம் தெருக்களில் உட்கார்ந்து பேசியாக வேண்டும், தோழர்களே.