பிக்கப் எஞ்சின் சூடானா, அடி விழுறது உங்க பட்ஜெட்டுக்கு

"சம்பளம் ஒரு பக்கம் வரட்டும், லோன்ல ஒரு பிக்கப் வண்டி எடுத்து டிரைவர் போட்டு ஓட்டலாமா?" நம்ம சேனலில் அடிக்கடி வரும் கேள்வி இது. போடுற எக்ஸெல் ஷீட்டில் இஎம்ஐ, டீசல், டிரைவர் சம்பளம் எல்லாம் பக்காவா இருக்கும். கூலன்ட்டுக்கு மட்டும் ஒரு வரி இருக்காது.

என் கருத்தை நேரா சொல்லிடுறேன். வெயில் காலத்துக்கு முன்னாடி கூலிங் சிஸ்டத்துக்குச் செலவு பண்ண மனசு இல்லைன்னா, வண்டியே வாங்க வேண்டாம்.

பணம் எங்கே போகும்?

எஞ்சின் ஓவர்ஹீட் ஆனால் ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். அதுக்கு அப்புறமும் ஓட்டினா எஞ்சினே சீஸ் ஆகிடும். இன்ஷூரன்ஸ் தருமா? சாதாரண மோட்டார் பாலிசி விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் மாதிரியான இழப்புக்குத்தான். மெக்கானிக்கல் பிரேக்டவுன், தேய்மானம் அதில் வராது.

சரி, வரியிலாவது கழிக்கலாமா? சின்ன சரக்கு வண்டிக்காரர்கள் பலர் அனுமான வருமான முறையில்தான் கணக்கு காட்டுகிறார்கள். 1961 சட்டத்தில் இது 44ஏஇ பிரிவு. பிக்கப் ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். ரிப்பேர் பில்லைத் தனியா கழிக்க முடியாது. இதில் பலர் கவனிக்காத விஷயம், வண்டி ஓடின மாதத்துக்கு மட்டும் இல்லை, உங்க கையில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் இந்தக் கணக்கு. ஒரு மாதம் ஷெட்டில் நின்னாலும் 7,500 வருமானம்தான். இஎம்ஐயும் நிக்காது.

என்ன செய்யணும்?

ரேடியேட்டரில் போர் தண்ணி ஊத்தாதீங்க. உள்ளே உப்பு படியும், துரு பிடிக்கும். மேனுவலில் சொன்ன கூலன்ட்டை, சொன்ன அளவில் டிஸ்டில்டு வாட்டரோட கலந்து ஊத்துங்க. வெறும் தண்ணி 100 டிகிரியில் கொதிச்சிடும். கூலன்ட் கலவையும் ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்துதான் கொதிநிலையை அதுக்கு மேல ஏத்துது. அதனால மூடியின் ரப்பர் தேய்ஞ்சிருந்தா உடனே மாத்துங்க. ரேடியேட்டர் முன்னாடி அடைச்சிருக்கும் தூசி, பூச்சியைச் சுத்தம் பண்ணுங்க. ஃபேன் பெல்ட், ஹோஸ் பைப் பாருங்க. ஓவர்லோடு வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் "டிரைவர் அண்ணன் பாத்துப்பார்"னு விடுறதுதான் தப்பு. அவருக்கு டிரிப்புக்கு இவ்வளவுன்னு பேட்டா. டெம்பரேச்சர் முள் ஏறுதுன்னு மத்தியான வெயில்ல ஓரம் கட்டினா அவர் காசு போகும். அப்போ எப்படி நிறுத்துவார்? "முள் ஏறினா நிறுத்திடுங்கண்ணே, அன்னைக்குப் பேட்டா நான் தரேன்"னு முன்னாடியே சொல்லி வைங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்னும் சொல்லுங்க. கொதிக்கிற கூலன்ட் பீய்ச்சி அடிக்கும், முகமே வெந்துடும்.

உங்க ஷீட்டில் "கூலிங்"னு ஒரு வரி, "நின்ன நாள் பேட்டா"ன்னு இன்னொரு வரி சேருங்க. அதுக்கு அப்புறமும் மாசக் கடைசியில் காசு மிஞ்சுதா? அப்போ தாராளமா வண்டி எடுங்க.