தீர்ப்புக்குப் பின் எழுந்த வீடுகள்

1977இல் உலக வங்கி சென்னை நகர வளர்ச்சிக்கென ஒரு கடன் கொடுத்தது. அந்தப் பணத்தில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் மனை பிரித்தது. 1980இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முகப்பேரும் சேர்ந்தது. வாரியம் வீடு கட்டித் தரவில்லை. மனை, தெரு, விளக்கு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு, கூடவே ஒரு கழிப்பறை. சிலருக்கு மட்டும் ஓர் அறையோ பாதிச் சுவரோ. மீதியை ஒதுக்கீடு பெற்றவரே கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள வேண்டும். மாதத் தவணை முடிந்தால் கிரயப் பத்திரம். ஏழைகளுக்கான மனைகள் கால் கிரவுண்டுக்கும் குறைவானவை. அதே மனைப்பிரிவில் வசதியுள்ளவர்களுக்கான பெரிய மனைகளும் இருந்தன. அவற்றைக் கூடுதல் விலைக்கு விற்று வந்த பணம் சின்ன மனைகளின் விலையைத் தாங்கியது.

சில ஆண்டுகளில் குறைகள் எழுந்தன. மனைகள் காலியாகக் கிடக்கின்றன, கட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள், ஏழைகள் மனையை விற்றுவிட்டுப் போகிறார்கள், வசதியுள்ளவர்கள் வாங்கிக் குடியேறுகிறார்கள் என்றார்கள். சென்னையில் மட்டும் எழுந்த குறையல்ல இது. 1972இல் செனகல் நாட்டில் இந்த முறைக்கு முதல் கடன் கொடுத்த உலக வங்கி, 1990களின் நடுவில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் இதைக் கைவிட்டது. வீடு என்பது கடன் சந்தையின் வேலை என்ற கொள்கைக்கு அது 1993லேயே மாறியிருந்தது. தோல்வி என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

2018இல் கேட் ஓவன்ஸ், சுமிளா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி என்ற மூன்று ஆய்வாளர்கள் சென்னை, மும்பை மனைப்பிரிவுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அங்கே மீண்டும் சென்று பார்த்த ஆய்வு அது. காலி மனை என்று எழுதப்பட்ட இடங்களில் வீடுகள் நிறைந்திருந்தன. ஒரு மாடி, இரண்டு மாடி, சில இடங்களில் மூன்று. பல வருமான நிலைகளில் உள்ளவர்கள் ஒரே தெருவை ஒட்டி வாழ்கிறார்கள். வெற்றியைத்தான் நாம் தோல்வி என்று அன்றைக்கு எழுதிவிட்டோமா என்று கேட்பதாகவே அந்தக் கட்டுரையின் தலைப்பு அமைந்தது.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான், ஏழைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றிய கண்ணகி நகர் கட்டப்பட்டது. அதனால் இதை ஆய்வாளர்களுக்குள் நடந்த கருத்து வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டைப் பற்றிய ஆராய்ச்சி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நகரத்தில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையால் விலை கொடுத்திருக்கிறார்கள்.

மனையும் குழாயும் கொடுத்து, மீதியை மக்களிடம் விடும் யோசனை உலக வங்கியில் பிறந்ததல்ல. அதன் ஒரு வேர் நம் ஊர்களிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ் 1914இல் இந்தியா வந்தார். உயிரியல் படித்தவர், நகரங்களை உயிருள்ளவையாகப் பார்த்தவர். அவர் கொண்டுவரவிருந்த நகரக் கண்காட்சியின் வரைபடங்கள் வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்பியவற்றை வைத்து 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு மாகாணத்தின் ஊர் ஊராகப் போய் அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கத்தைக் குறைக்க வீடுகளை இடித்து நேர்த் தெரு வெட்டும் திட்டம் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு பாழடைந்தது, எது நல்ல நிலையில் இருக்கிறது, எங்கே மரம் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மிகச் சில இடிபாடுகளை மட்டும் அகற்றினால் காற்றும் வெளிச்சமும் திறந்த வெளியும் கிடைக்கும், குடும்பங்களைக் கிளப்ப வேண்டியதில்லை என்று வரைந்து காட்டினார். ஏழைகளின் வீட்டை இடிப்பது நோய்க்கு மருந்தாகாது, நெருக்கத்தை அடுத்த தெருவுக்குத் தள்ளுவதுதான் நடக்கும் என்பது அவருடைய வாதம். நூறாண்டு தாண்டியும் அந்த வாதத்தை நாம் முழுதாகக் காதில் வாங்கவில்லை.

கெடிஸின் எழுத்துகளைக் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே ஆழ்ந்து படித்தவர் ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயர். 1957இல் பெரு நாட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு அரேகிபா நகரத்தில் நிலநடுக்கம். மக்களே தங்கள் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ள உதவும் திட்டத்தில் டர்னர் வேலை செய்தார். அரசின் மேற்பார்வையில் நடந்த வேலை மெதுவாகவும் செலவு மிகுந்ததாகவும் இருந்தது. பக்கத்தில் எந்த அதிகாரியையும் கேட்காமல் புறம்போக்கில் குடியேறியவர்கள் குறைந்த செலவில் தங்களுக்குப் பொருந்திய வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லிமா நகரைச் சுற்றிய பாலைமேடுகளில் முதலில் நாணல் பாய், பிறகு செங்கல் சுவர், பல ஆண்டு கழித்துக் கான்கிரீட் கூரை என்று வீடுகள் வளர்வதை அவர் பார்த்தார். மானுடவியலாளர் வில்லியம் மாங்கின் அதே குடியிருப்புகளில் தங்கி ஆராய்ந்தார். சேரி என்று அரசு அழைத்த இடங்களே தீர்வின் தொடக்கம் என்று 1960களில் இருவரும் எழுதினார்கள். டர்னரின் எழுத்துகள் 1972இலும் 1976இலும் நூல்களாக வந்தன. அந்த எழுத்துகளின் தாக்கம் பெற்ற கொள்கைதான் உலக வங்கி வழியாக அரும்பாக்கம் வந்து சேர்ந்தது. தஞ்சையில் நடந்து பார்த்த ஒருவரின் எண்ணம் லிமாவைச் சுற்றி, அறுபது ஆண்டு கழித்துச் சென்னைக்கு வந்தது.

வழியில் ஒரு முக்கியப் பகுதி உதிர்ந்துவிட்டது. எங்கே, எப்படி வாழ்வது என்ற முடிவு மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பதே டர்னர் சொன்னதன் உயிர். வங்கி அதில் மக்களின் உழைப்பை எடுத்துக்கொண்டது, முடிவெடுக்கும் உரிமையை விட்டுவிட்டது. உழைத்துக் களைத்தவனையே அவன் வீட்டையும் கட்டச் சொல்வது அரசு தன் கடமையிலிருந்து நழுவும் வழி என்று ராட் பர்ஜஸ் போன்ற இடதுசாரி ஆய்வாளர்கள் 1970களிலேயே கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. நிலத்தின் விலையைத் தொடாமல் சுயமுயற்சியை மட்டும் புகழ்வது போதாது.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை இந்தூரில் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விட்டோல்ட் ரிப்சின்ஸ்கியும் விக்ரம் பட்டும் மாணவர்களும் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷியின் வாஸ்து சில்ப அறக்கட்டளையோடு சேர்ந்து இந்தூர்க் குடிசைப் பகுதிகளை அளந்தார்கள். வீட்டின் நீளம் அகலத்தோடு அவர்கள் நிற்கவில்லை. வாசலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று வரைந்தார்கள். ஒரு திண்ணையின் உயரம் எவ்வளவு, அதில் யார் உட்கார்ந்து என்ன வேலை செய்கிறார்கள், சைக்கிள் எங்கே நிற்கிறது, மாடு எங்கே கட்டப்பட்டிருக்கிறது, மரத்தடியில் யார் கடை போட்டிருக்கிறார்கள், தெரு எங்கே குறுகி எங்கே விரிகிறது. அளந்த பிறகு ஒரு விஷயம் தெளிவானது. அரசின் மனைப்பிரிவுகள் இல்லாத கார்களுக்காக அகலத் தெரு போட்டுக்கொண்டிருந்தன. ஆனால் பாத்திரம் கழுவவும் பீடி சுற்றவும் பிள்ளையைத் தூங்கவைக்கவும் தேவைப்படும் நான்கடி இடத்துக்கு வரைபடத்தில் பெயரே இல்லை. ஏழையின் வீட்டில் பாதி வெளியில்தான் இருக்கிறது. திண்ணை வைத்துக் கட்டிய நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. ஆனாலும் அதை அடி அங்குலக் கணக்கில் எழுதினால்தான் பொறியாளரின் மேசையில் நிற்கும்.

அந்த வரைபடங்கள் 1984இல் நூலாகின. இந்தூருக்கு வெளியே தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் அந்த ஆய்வின் தடம் தெரிகிறது. அங்கே மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். கழிப்பறையும் குளியலிடமும் அடித்தளமும் கொடுத்து, எப்படியெல்லாம் வளர்க்கலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளைக் கட்டினார்கள். வாசல் திண்ணை, வெளிப்படி, மாடியின் நீட்சி எல்லாம் அவற்றில் இருந்தன. ஆகா கான் விருது 1995இல் வந்தது, தோஷிக்கு பிரிட்ஸ்கர் விருது 2018இல் வந்தது. படம் பிடிக்க வரும் கட்டடக்கலை மாணவர்கள் அந்த 80 வீடுகளையே சுற்றிவருகிறார்கள். மற்ற ஆயிரக்கணக்கான மனைகளில் கொத்தனாரும் குடும்பமும் சேர்ந்து கட்டியவற்றில்தான் அடுத்த பாடம் இருக்கிறது.

அரும்பாக்கத்துக்குத் திரும்புவோம். சின்ன மனையில் நிற்கும் ஒரு வீட்டைத் தெருவிலிருந்து கவனித்தாலே அதன் வரலாறு தெரியும். கீழே தடித்த செங்கல் சுவர், மரச் சட்ட ஜன்னல். மேல்மாடியில் இரும்பு கிரில், வேறு காலத்துச் சன்ஷேடு. அதற்கும் மேலே மெல்லிய சுவரில் ஒரு போர்ஷன், வாடகைக்கு. படிக்கட்டு வெளியே, ஒருவர் மட்டும் ஏறும் அகலத்தில். மொட்டை மாடியில் அடுத்த தளத்துக்காகக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது ஒரு குடும்பத்தின் சேமிப்புக் கணக்கு. மூத்த பெண்ணின் திருமணத்துக்கு முன்போ பின்போ, பையன் வேலைக்குப் போன பிறகோ ஒவ்வொரு தளமும் ஏறியிருக்கும். ஆறாம் ஆண்டில் வந்து பார்த்தவருக்கு இதில் தெரிந்தது நின்றுபோன சுவர் மட்டும்.

விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒதுக்கீட்டு ஆணை கையில் இருந்ததால்தான் அவர்களிடம் விற்க ஒரு பொருள் இருந்தது. எல்லா மனைப்பிரிவுகளும் ஒரே மாதிரி வளரவுமில்லை. கொடுங்கையூர் மக்கள் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கின் புகையையும் நாற்றத்தையும் பல ஆண்டுகளாகச் சுமக்கிறார்கள். அரும்பாக்கத்துக்குக் கிடைத்த வாய்ப்பு வேறு. அன்று நகரத்தின் ஓரம் என்றாலும் நகரத்தோடு ஒட்டிய ஓரம். 2002இல் கோயம்பேட்டில் பேருந்து நிலையம் வந்தது, 2015இல் மெட்ரோ வந்தது. ஏழைக்கு மனை கொடுத்த இடம் ஊரின் நடுவாக மாறியது. இடம் தேர்ந்தெடுப்பதில்தான் வீட்டுத் திட்டத்தின் பாதி விதி இருக்கிறது.

அடுத்து வந்தவர்கள் இதைக் கற்கவில்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதல் ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டியது. செலவு கட்டுப்படியாகாது என்று உலக வங்கி நெருக்கியது. அந்த நெருக்கடி வாரியத்தின் போக்கை எப்படித் திருப்பியது என்பதை ஆய்வாளர் நித்யா ராமன் 2011இல் விரிவாக எழுதினார். மனைத் திட்டமும் போன பிறகு எஞ்சியது மூன்றாவது வழி: ஊருக்கு வெளியே, மலிவான நிலத்தில், அடுக்கடுக்காக. 2000இல் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் கண்ணகி நகர் தொடங்கியது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடியைக்கூட எட்டாதவை. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பிறகு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் அருகே பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களை அங்கே ஏற்றி அனுப்பினார்கள், சிலரைப் படிப்பாண்டின் நடுவிலேயே.

கண்ணகி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கேரன் கோயல்ஹோவும் உடன் ஆய்வாளர்களும் வேலையையும் வருமானத்தையும் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். வேலை இருந்த இடம் தூரமானது, பேருந்துச் செலவு கூடியது, வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பலருக்கு அது இல்லாமல் போனது. இந்த வீடுகள் வளரவும் முடியாது. நான்காம் மாடியில் இருப்பவர் மகனுக்குத் திருமணம் ஆனால் எங்கே ஓர் அறை சேர்ப்பார்? கம்பி நீட்டிவைக்க மொட்டை மாடி அவருடையதல்ல.

சென்னை மனைப்பிரிவுகளில் கண்டதையே வேறு நாடுகளில் திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வுகளும் சொல்கின்றன. லிமாவில் சார்லஸ் கொரியா உட்படப் பல நாட்டு வல்லுநர்கள் வடிவமைத்த ஏறக்குறைய 500 வீடுகளை முப்பது ஆண்டு கழித்துச் சிலி நாட்டு இளைஞர்கள் மூவர் வீடு வீடாக வரைந்தார்கள். குடும்பங்கள் சேர்த்த மாடிகளும் கடைகளும் அதில் தெரிந்தன. தான்சானியாவில் 1970களின் மனைப்பிரிவுகளைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்து 2021இல் வந்த கட்டுரை, முன்கூட்டியே தெருவும் மனையும் பிரித்த இடங்களில் இன்று வீடுகள் பெரியவை, நல்லவை என்று காட்டியது.

நம் பல்கலைக்கழகங்களில் வீடு பற்றிய ஆய்வுகள் ஏராளம். கட்டடக்கலை மாணவர்கள் ஒரு பருவத்தில் ஒரு குடியிருப்பை அளக்கிறார்கள், தாள் கொடுக்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு மாணவர் வேறோர் இடத்துக்குப் போகிறார். முதல் அளவு எங்கோ ஒரு பீரோவில் கிடக்கிறது, இரண்டாம் அளவு எடுக்கப்படுவதேயில்லை. ஒரே தெருவை, ஒரே வீடுகளை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே படிவத்தில் அளக்கும் ஏற்பாடு ஒன்றை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியோ வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமோ தொடங்கினால் அதற்குப் பெரிய பணம் தேவைப்படாது. பொறுமை தேவை, தொடர்ந்து நடத்தும் ஒரு துறை தேவை.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. பழைய மனைப்பிரிவுகளின் வரைபடங்களையும் ஒதுக்கீட்டுப் பதிவேடுகளையும், தனிப்பட்ட விவரங்களை நீக்கி, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு இன்று பழைய அடுக்ககங்களை இடித்துப் புதிதாகக் கட்டுகிறது. இடிக்கும் முன் அங்கே மக்கள் என்னென்ன சேர்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று வீடு வீடாக வரைந்துவைக்க வேண்டும். இடித்த பிறகு அதை யாரும் அளக்க முடியாது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் சென்ற குடும்பங்களுக்கு அங்கே பத்தாண்டு ஆகிவிட்டது. முதல் அளவை இப்போதே எடுங்கள். 2045இல் திரும்பிப் போகும் மாணவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கட்டும்.