உட்பகை

வள்ளுவப் பெருந்தகை உட்பகைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அரசனுக்கு அவர் சொன்னது இரத்தப் புற்றுநோயாளியின் உடலுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இரத்தப் புற்று என்றாலே நம் பக்கத்தில் கையை விரித்து விடுகிறார்கள். அது சரியன்று. அடையாறு புற்றுநோய் நிலையமும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸும் 1980களில் எம்.சி.பி. 841 என்ற ஒரே மருந்து முறையைக் கைக்கொண்டு எத்தனையோ குழந்தைகளை மீட்டன. ஆனால் சிகிச்சையின் நடுவே தொற்றுக்குப் பலியானவர்களும் உண்டு.

அத்தொற்று வெளியிலிருந்தே வருகிறது என்றெண்ணி முகமூடி கட்டுகிறோம். தேவைதான். ஆயினும் பெரும்பகுதி நோயாளியின் உடலிலிருந்தே, குறிப்பாகக் குடலிலிருந்தே கிளம்புகிறது. புற்றணுக்களைக் கொல்லும் மருந்து குடலின் உட்சுவரையும் புண்ணாக்குகிறது. காவல் காக்கும் நியூட்ரோபில் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்கும் கீழே சரிகின்றன. காய்ச்சலுக்குத் தரும் ஆன்டிபயாடிக்கோ குடலின் நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கிறது. களையோடு நெல்லையும் பிடுங்கிய கழனியில் கோரைதானே மண்டும்? கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகியவை அவ்வாறே பெருகி, புண்பட்ட சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலக்கின்றன. (நல்ல நுண்ணுயிர் மாத்திரை கொடுக்கலாமே என்பீர்கள். எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு அதுவும் இரத்தத்தில் புகுந்ததுண்டு. மருத்துவரைக் கேளாமல் கூடாது.)

புகுந்த கிருமி மருந்துக்கு அடங்கினால் பிழைக்கலாம். இங்கேதான் நாம் குறுக்கே வருகிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சளிக்கும் பேதிக்கும் கடையில் நாலு மாத்திரை கேட்டு வாங்கி, இரண்டை விழுங்கி, இரண்டை அலமாரியில் வைப்பவர்களை நான் நாள்தோறும் காண்கிறேன். சில ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டின்றி விற்கலாகாது, பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதல் எச்-1 அட்டவணை விதி இருக்கிறது. கேட்பவர் கேட்டால் கொடுப்பவரும் கொடுக்கிறார். மருந்துக்கு அஞ்சாத கிருமி ஒருவர் குடலோடு நிற்பதில்லை. சாக்கடை வழியே அடுத்த வீட்டுக்கும் போகும். நலமுள்ளவர் அதைச் சுமந்தும் அறியமாட்டார். மருந்தேற்றிக்கொண்டு ஊர் திரும்பிய சிறுவனுக்கு அதுவே எமன்.

அச்சிறுவனுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திருப்பது தகாது. மருத்துவமனையில் கால்வைத்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி ஏற வேண்டும். அடையாறுக்கோ புதுவை ஜிப்மருக்கோ பஸ் ஏறுமுன், சிகிச்சைக் குறிப்பேட்டோடு திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ ஓடட்டும்.